ஒரே இடத்தில் மறுபடியும் முறிந்த போட் ஷாப்ட்: இரும்பு மோசமா, வேலை மோசமா?

வள்ளவிளை மகன் | செவ்வாய், இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுப் போட் தூத்தூர் கரையோரத் தூண்டில் போட். ஆழ்கடல் தங்கல் தொழில். போன தங்கலில் ஓடிக்கிட்டு இருக்கும்போதே புரொப்பல்லர் ஷாப்ட் (எஞ்சின் சுத்தைப் புரொப்பல்லருக்குக் கொண்டு போற இரும்புத் தண்டு) முறிஞ்சு, புரொப்பல்லர் கடலோடு போச்சு. கரை ரொம்ப தூரம். வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு, பக்கத்தில் கிடந்த நம்ம ஊர்ப் போட் ஒண்ணு வந்து கட்டி இழுத்துக் கொண்டு வந்தாங்க. ஆளுக்கு ஒண்ணும் ஆகல்ல. காத்து மாறியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அம்மா இன்னும் அழுறாங்க.

இதுக்கு முன்னாடியும் இதே இடத்தில்தான் முறிஞ்சது. புரொப்பல்லர் உட்காருற டேப்பரின் (ஷாப்ட் கூம்பா ஒடுங்குற பாகம்) பெரிய முனை, கீவே (புரொப்பல்லரைப் பூட்டுற கீ உட்காருற பள்ளம்) முடியுற இடம். அப்போ லேத்தில் "மெட்டீரியல் போராது, கெட்டி ராடாப் போடுவோம்"னு சொல்லி, பழைய ஈஎன் 8 (சாதா கார்பன் ஸ்டீல்) ராடுக்குப் பதிலா விலை கூடின அலாய் ராடில் கடைஞ்சு தந்தாங்க. அது பழைய ஷாப்ட் உழைச்ச அளவுகூட உழைக்கல்ல.

படம் ஏத்த முடியல்ல, அதனால எழுதுறேன். முறிஞ்ச முகத்தில் முக்கால் பங்கு வழுவழுன்னு பழுப்பா இருக்கு. கீவே மூலையிலிருந்து தொடங்கி வளைவு வளைவா கோடு, கடக்கரை மணலில் அலை இறங்கிப் போன தடம் மாதிரி. எதிர்ப்பக்கம் சின்னதா ஒரு இடம் மட்டும் சொரசொரன்னு பளபளப்பா இருக்கு. வெட்டுப்பட்ட மாதிரி நேரா முறிஞ்சிருக்கு, வளைஞ்சதோ முறுக்கினதோ இல்ல.

இது ராடு குத்தமா, கடைஞ்ச குத்தமா, நாங்க ஓட்டுற குத்தமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லித் தாங்க.

கொளச்சல் அண்ணன் | செவ்வாய், இரவு 10:15

தம்பி, ஆளுக்கு ஒண்ணும் ஆகல்லயே, அது போதும். நான் போட் ஓட்டின காலத்திலிருந்து பாக்குதேன். இப்போ வாற இரும்பு எல்லாம் ஆக்கர், பழைய இரும்பு உருக்கினது, பழைய ராடு மாதிரி நிக்காது. பின்னே, எஞ்சின் அதிர்ச்சியில இரும்பு உள்ளுக்குள்ள பையப் பைய மணலா மாறிப் போகும். முறிஞ்ச இடத்தைப் பாரு, மணிமணியா இருக்கும். நல்ல ராடா, ஒரு சைஸ் கூட்டிப் போடு.

நாரோயில் வாத்தியார் | புதன், காலை 6:30

தம்பி, உங்கள் வர்ணனையிலேயே பாதிப் பதில் இருக்கிறது. முதலில் ஒரு வேண்டுகோள்: அந்த முறிந்த துண்டைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். எமரி போட்டுத் தேய்க்காதீர்கள். கொஞ்சம் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வையுங்கள். உங்கள் ஷாப்ட்டுக்கு என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அதுதான்.

அந்த வழுவழுப்பான பழுப்புப் பகுதி முழுக்கப் பழைய விரிசல். கீவே மூலையில் பிறந்து, ஒவ்வொரு தங்கலிலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருக்கிறது. வேகம் கூடிய நேரம், குறைந்த நேரம், எஞ்சின் நின்று கிடந்த நாள் எல்லாம் வளைகோடுகளாகப் பதிந்திருக்கின்றன. எதிர்ப்பக்கத்துப் பளபளப்பு, மிச்சம் இருந்த இரும்பு சுமை தாங்காமல் ஒரேயடியாக முறிந்த இடம். அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று கவனியுங்கள். அந்தக் கால் பங்கு இரும்பே கடைசி நேரம் வரை போட்டைத் தள்ளியிருக்கிறது. அப்படியென்றால் ஷாப்ட்டின் தடிமனுக்கு வந்த சுமை அதிகமே இல்லை. ஒரு சைஸ் கூட்டிப் போடுவது இந்த நோய்க்கு மருந்தாகாது.

கொளச்சல் அண்ணன் சொன்ன "மணலா மாறும்" என்ற எண்ணம் நம் கரையில் மட்டும் இருந்ததல்ல, ஐரோப்பா முழுக்க இருந்தது. 1842 மே 8-ல் பிரான்சில் வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, பெட்டிகள் தீப்பிடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போதும் பலர், அதிர்வால் இரும்பு படிகமாக மாறிவிட்டது என்றுதான் நினைத்தார்கள். மறு வருடமே வில்லியம் ரேங்கின் என்ற இளம் ஸ்காட்லாந்துப் பொறியாளர், அச்சு தடிமன் மாறும் தோள்பட்டையில் விரிசல் பிறந்து மெதுவாக உள்ளே வளர்கிறது என்று எழுதினார். அந்தத் தோள்பட்டையை வளைவாகக் கடைய வேண்டும் என்றும் சொன்னார். இரும்பு பிறந்த நாளிலிருந்தே படிகங்களால் ஆனது. திடீரென்று முறியும்போது அந்தப் படிகமணிகள் கண்ணுக்குத் தெரிகின்றன, அவ்வளவுதான்.

சுமை குறைவு என்றால் ஏன் விரிசல் வந்தது? ஷாப்ட்டின் மேல்பரப்பில் ஒரு புள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். புரொப்பல்லரின் எடையும் அலைன்மென்ட் கோளாறும் (எஞ்சினும் ஷாப்ட்டும் ஒரே நேர்கோட்டில் இல்லாதது) ஷாப்ட்டை இம்மியளவு வளைக்கின்றன. அந்தப் புள்ளி மேலே இருக்கும்போது இழுபடுகிறது, அரைச் சுற்றில் கீழே வரும்போது நெருக்கப்படுகிறது. சுற்றுக்கு ஒரு இழுப்பு, ஒரு நெருக்கல். கியர்பாக்ஸ் தாண்டி ஷாப்ட் நிமிடத்துக்கு 400 சுற்று என்று வைத்தால், ஒரு நாள் முழுக்க ஓடினால் 5,76,000 தடவை. 18 நாள் ஓட்டத்தில் 1 கோடியைத் தாண்டிவிடும். உங்கள் ஒரு தங்கலிலேயே அது ஆகிவிடும் அல்லவா?

கூர்மையான கீவே மூலையில் அழுத்தம் ஷாப்ட்டின் சராசரியைவிட இரண்டு மூன்று மடங்கு ஏறும். அந்த ஊசிமுனை இடத்தில் மட்டும் படிகத்துக்குள் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். திரும்பி வரும்போது பழைய இடத்துக்கு முழுசாக வருவதில்லை. 1903-ல் யூயிங், ஹம்ப்ரி என்ற இருவர் இதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதினார்கள்: முதலில் மெல்லிய வழுக்குக் கோடுகள், சுற்று ஏற ஏற அவை தடித்து, கடைசியில் விரிசலாகத் திறக்கின்றன. உலோகச் சோர்வு என்று புத்தகத்தில் படிப்பது இதைத்தான். வெளியில் ஷாப்ட் வளையாது, வீங்காது, சத்தம் போடாது. அதனால்தான் கடலில் வைத்துத் திடீரென்று உடைந்ததாகத் தோன்றுகிறது.

வள்ளவிளை மகன் | புதன், காலை 7:05

சார், ரொம்ப நன்றி. துண்டை எடுத்துச் சுத்தி வச்சாச்சு. ஆனா ஒண்ணு புரியல்ல. அலாய் ராடு ஈஎன் 8-ஐ விட உறுதிதானே? அது ஏன் சீக்கிரம் போச்சு?

மார்த்தாண்டம் லேத்து | புதன், மதியம் 1:20

நான் லேத்துப் பட்டறை வச்சிருக்கேன். உங்க ஷாப்ட் என் பட்டறையில் கடைஞ்சது இல்ல, ஆனா எங்க தொழிலைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும். போட்காரங்க வரும்போது நாளைக்குக் கடலுக்குப் போகணும், ராத்திரிக்குள்ள வேணும்னுதான் வருவாங்க. டிராயிங் கிடையாது, பழைய ஷாப்ட்தான் அளவு. பழசில் மூலை கூர்மையா இருந்தா புதுசிலும் கூர்மையா வரும். கீவே மூலையில் ரேடியஸ் வச்சா, கடையில் வாங்கின கீ அடியில் உட்காராம தூக்கிக்கிட்டு நிக்கும். "வேலை சரியில்ல"ன்னு திரும்பி வருவாங்க. அதனால எல்லாத்தையும் லேத்துக்காரன் தலையில் வைக்கக் கூடாது.

செய்ய முடியுமான்னு கேட்டா, முடியும். கீவே அடிமூலையில் ரேடியஸ் வச்சு, கீயோட விளிம்பை அதே அளவுக்குச் சாய்ச்சு ராவிட்டா கச்சிதமா உட்காரும். கீவேயை எண்ட் மில் போட்டுச் சட்டுனு செங்குத்தா முடிக்காம, வட்டக் கட்டரில் ஓட்டினா முனை பையச் சரிஞ்சு மேல ஏறும். இன்னொண்ணு, கீவே டேப்பரின் பெரிய முனை வரைக்கும் போகவே கூடாது, கொஞ்சம் முன்னாலேயே நிக்கணும். இவங்களுக்கு அங்க வரைக்கும் வெட்டியிருக்கு, அவங்க எழுதினதில் இருந்தே தெரியுது.

டேப்பர் பொருத்தம் பாத்தீங்களான்னும் கேக்கணும். ஷாப்ட்டில் புளூ (நீலச் சாயம்) தடவி ஹப்பை (புரொப்பல்லரின் நடுப்பாகம்) ஏத்தி இறக்கிப் பாத்தா எங்க ஒட்டுது, எங்க ஒட்டல்லன்னு தெரியும். இழுப்பை டேப்பர் பிடிப்புதான் தாங்கணும், கீ துணைக்குத்தான். பொருத்தம் இல்லாம நட்டு மட்டும் இறுக்கினா ஹப்பு உள்ளுக்குள்ள நுணுக்கமா அசையும். அசையுற இடத்தில் செம்பழுப்புப் பொடி கசியும். அந்த உரசல் தழும்பிலயும் விரிசல் பிறக்கும்.

தக்கலைக்காரி | புதன், இரவு 8:45

நான் கப்பல் கட்டும் இடத்தில் விரிசல் சோதனை செய்யும் வேலையில் இருக்கிறேன். லேத்து அண்ணன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். புரொப்பல்லர் ஷாப்ட் முறிவுகளில் டேப்பரின் பெரிய முனையும் கீவே முனையும்தான் பெயர்போன இடங்கள். பெரிய கப்பல்களிலும் டெயில் ஷாப்ட்டை வெளியே எடுத்தால் முதலில் சாயமோ காந்தத் துகளோ போட்டுப் பார்ப்பது அங்கேதான்.

தம்பி கேட்ட அலாய் ராடு கேள்விக்கு வருகிறேன். காற்றில், மெருகேற்றிய மாதிரித்துண்டு வைத்துச் சோதித்தால் ஸ்டீலின் சோர்வு எல்லை அதன் இழுவிசை உறுதியில் ஏறத்தாழ பாதி. உறுதி கூடினால் எல்லையும் கூடும். அந்த எல்லைக்குக் கீழே எத்தனை கோடி சுற்று ஓடினாலும் முறியாது. பிரஷ்ய ரயில்வேயில் இருந்த அகஸ்ட் வோலர் 1850-களில் தொடங்கி 1870 வரை, சுழலும் அச்சுகளை இயந்திரத்தில் ஏற்றி இதை அளந்தார். அதிகபட்சச் சுமையைவிடச் சுமை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதே ஆயுளைத் தீர்மானிக்கிறது என்று காட்டியதும் அவர்தான்.

ஆனால் இரண்டு விஷயம் இதைக் கெடுத்துவிடும். ஒன்று, உறுதியான ஸ்டீல் கூர்மூலையை இன்னும் குறைவாகவே பொறுக்கும். சாதாரண ஸ்டீல் மன்னிக்கிற கீறலை அது மன்னிக்காது. இரண்டாவது கடல்வெள்ளம், அதாவது கடல் தண்ணீர். உப்பு நீரில் சுழலும் சாதா ஸ்டீலுக்கும் அலாய் ஸ்டீலுக்கும் சோர்வு எல்லை என்பதே இல்லாமல் போய்விடுகிறது. ஓட ஓட ஆயுள் குறைந்துகொண்டே வரும். அந்த நிலையில் விலை கூடின ராடும் மலிவான ராடும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கும். நீங்கள் கொடுத்த கூடுதல் காசு முழுக்க அந்த உப்பில் கரைந்துவிட்டது.

அதனால் ஹப்புக்கும் ஷாப்ட்டுக்கும் நடுவே வெள்ளம் போகாமல் தடுக்கும் ரப்பர் ரிங் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டீலுக்குப் பதிலாகத் தான் அரிந்துபோகும் துத்தநாகக் கட்டி (சிங்க்) இருக்கிறதா? வெண்கலப் புரொப்பல்லரும் ஸ்டீல் ஷாப்ட்டும் கடல்வெள்ளத்தில் சேர்ந்தால் ஸ்டீல்தான் அரிக்கப்படும். அரித்த குழி ஒவ்வொன்றும் விரிசல் பிறக்க ஒரு இடம்.

கொளச்சல் அண்ணன் | புதன், இரவு 9:10

அப்போ எஸ்.எஸ். ராடு போட்டா தீர்ந்துதே. துரு பிடிக்காதுல்லா.

தக்கலைக்காரி | புதன், இரவு 9:25

அண்ணா, எஸ்.எஸ். 304 என்ற சாதா ஸ்டெயின்லெஸ் ரகத்தை நினைத்துச் சொல்கிறீர்கள் என்றால், கவனம் வேண்டும். ஸ்டெயின்லெஸ்ஸின் மேல்தோலைக் காப்பது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன். போட் கட்டிக் கிடக்கும் நாட்களில் ஷாப்ட் வெளியே போகும் ஸ்டெர்ன் டியூப்புக்குள்ளும் ஹப்புக்கு அடியிலும் தேங்கும் வெள்ளத்தில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அங்கே 304 குழிகுழியாக அரிக்கும், வெளியே பளபளவென்றே இருக்கும். 316 கொஞ்சம் தாங்கும், அதற்கும் இடுக்கு ஆகாது. எந்த ராடு போட்டாலும் மூலையும் இடுக்கும் சரியாக இல்லாவிட்டால் பயன் இல்லை.

ஆரல்வாய்மொழி காத்தாடி | வியாழன், காலை 11:00

காத்தாலையில் பராமரிப்பு வேலை. முப்பந்தல் கணவாயில் ஆடி மாசம் காத்து எப்படி அடிக்கும்னு எல்லாருக்கும் தெரியும். எங்களுக்குப் பெரிய புயலைவிடத் தினசரிச் சுத்துதான் பயம். இறக்கை ஒரு சுத்து சுத்தும்போது ஒரு பக்கம் போகையில் அதன் சொந்த எடை ஒரு விளிம்பை இழுக்கும், மறுபக்கம் வரும்போது அதே விளிம்பை நெருக்கும். தொண்ணூறுகளில் நிறுத்தின சின்ன மிஷின் ஒண்ணு நிமிடத்துக்கு 40 சுத்து, வருஷத்துக்கு 5,000 மணி நேரம்னு கணக்குப் போட்டா, வருஷம் 1.2 கோடி சுத்து. 20 வருஷத்தில் 24 கோடி.

நாங்க போல்ட்டை இறுக்கத்தான் அதிகம் பாடுபடுவோம். இறுக்கினா போல்ட்டுக்கு இன்னும் சுமைதானே, எப்படி நல்லதுன்னு புதுசா வாற பையன்கள் கேப்பாங்க. போல்ட்டை நல்லா இழுத்து முறுக்கி வச்சா அது சேர்த்துப் பிடிக்கிற ரெண்டு பிளேஞ்சும் (வட்டத் தகடு) ஒண்ணா நெருங்கி நிக்கும். வெளியே இருந்து வாற ஏற்ற இறக்கத்தை அந்த நெருக்கம் வாங்கிக்கும், போல்ட் அந்த மாத்தத்தில் சின்னப் பங்குதான் பாக்கும். தளர்ந்து போச்சுன்னா ஏற்ற இறக்கம் முழுசும் போல்ட் தலையில். முறிஞ்ச போல்ட்டை எடுத்துப் பாத்தா நட்டுக்குள்ள முதல் மரையில்தான் முறிஞ்சிருக்கும். அங்க ஒரு போல்ட் போனா அடுத்தது அடுத்ததுன்னு போகும். அதனால ஒண்ணு முறிஞ்சா அது ஒண்ணை மட்டும் மாத்துறது தப்பு, பக்கத்தில் நிக்கிறதும் அதே சுமையில் நாள் கழிச்சதுதான்.

தம்பிக்கு ஒரு கேள்வி: எஞ்சின் பக்கத்தையும் ஷாப்ட்டையும் இணைக்கிற கப்ளிங் போல்ட்டுகள் எப்படி இருக்கு? அலைன்மென்ட் எப்போ பாத்தீங்க, கரையில் வச்சா, வெள்ளத்தில் இறக்கின பிறகா?

வள்ளவிளை மகன் | வியாழன், மதியம் 12:10

கரையில் வச்சுத்தான் அண்ணா. கப்ளிங் போல்ட்டில் ஒண்ணு அடிக்கடி தளரும்னு எஞ்சின் பாக்குற சேட்டன் சொன்னார்.

நாரோயில் வாத்தியார் | வியாழன், மதியம் 2:00

அது முக்கியமான தகவல். கரையில் கட்டையின் மேல் நிற்கும்போது போட்டின் உடம்பு ஒரு வடிவம், வெள்ளத்தில் மிதந்து டீசலும் ஐஸும் ஏற்றிய பிறகு வேறொரு வடிவம். கரையில் சரியாக இருந்த அலைன்மென்ட் மிதக்கும்போது விலகும். வெள்ளத்தில் இறக்கி ஓரிரு நாள் கிடந்த பிறகு கப்ளிங் போல்ட்டைக் கழற்றி, இரண்டு பிளேஞ்சுக்கும் நடுவே இடைவெளி அளக்கும் பீலர் கேஜ் விட்டு நாலு திசையிலும் பாருங்கள். 10 செ.மீ. பிளேஞ்சுக்கு இடைவெளி வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஒரே போல்ட் அடிக்கடி தளர்கிறது என்றால் பிளேஞ்சு சுற்றுக்குச் சுற்று வாய் திறந்து மூடுகிறது என்று சந்தேகப்படலாம். வலையோ கயிறோ சுற்றிப் புரொப்பல்லர் இலை வளைந்திருந்தாலும் இதே பலன்தான், ஷாப்ட் சுற்றுக்குச் சுற்று உதைபடும்.

டிப்போ மெக்கானிக் | வியாழன், இரவு 10:30

பஸ், லாரி பக்கத்திலிருந்து எழுதுறேன். நம்ம மாவட்டத்தில் பாறைப்பொடியும் ஜல்லியும் ஏத்துற வண்டிகளில் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) முறியுறது தினசரிக் கதை. வெல்டிங் ஜாயின்டுகளிலும் சேசிஸிலும் விரிசல் வளர்ற கணக்கு எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்தாங்க: சுமை ரெண்டு மடங்கானா சேதம் எட்டு மடங்கு. கால் பங்கு கூட ஏத்தினாலே ஆயுள் பாதி ஆயிரும். "வண்டி தாங்குதே"ன்னு முதலாளி சொல்வார். தாங்கும், இன்னைக்குத் தாங்கும். பள்ளத்தில் ஒவ்வொரு தடவை விழும்போதும் அந்தப் பாதி ஆயுளிலிருந்துதான் கழியுது.

பட்டை எங்க முறிஞ்சதுன்னு பாத்தே காரணம் சொல்லலாம். நடுவில் சென்டர் போல்ட் ஓட்டையில் முறிஞ்சா யூ போல்ட் தளர்ந்து கிடந்திருக்கு. இறுக்கமா இருந்தா அந்த ஓட்டைப் பகுதி வளையவே வளையாது. ராத்திரி வண்டி வந்ததும் யூ போல்ட்டை இறுக்காம நான் விடமாட்டேன்.

பட்டையின் மேல்பக்கம் உளியால் அடையாளம் போடுறது, தட்டி எடுக்கும்போது சுத்தியல் தடம் விழுறது, பக்கத்தில் வெல்டிங் வைக்கும்போது பொறி தெறிக்கிறது, இதெல்லாம் கண்டா எனக்குக் கோபம் வரும். பட்டை தயாரிக்கிற இடத்தில் சின்ன இரும்புக் குண்டுகளை வேகமா அடிச்சு மேல்தோலை நெருக்கி வச்சிருப்பாங்க, விரிசல் திறக்காம இருக்க. ஒரு கீறலில் அந்த வேலை எல்லாம் வீண்.

குளச்சல் துறை | வெள்ளி, காலை 8:15

எங்க போட்டில் கிளாண்டு (வெள்ளம் உள்ளே வராம அடைக்கிற பாகம்) உட்காருற இடம் தேய்ஞ்சப்போ வெல்டிங்கில் நிரப்பிக் கடைஞ்சோம். செலவு குறைவு. தம்பியும் முறிஞ்ச இடத்தில் புதுத் துண்டு வச்சு வெல்டு அடிச்சுக் கடையலாமே, முழு ஷாப்ட் விலை மிஞ்சும்.

மார்த்தாண்டம் லேத்து | வெள்ளி, காலை 8:40

அண்ணாச்சி, தயவு செஞ்சு இதை யாருக்கும் சொல்லாதீங்க. நான் அந்த வேலையை எடுக்கவே மாட்டேன். வெல்டு வச்ச ஓரத்தில் இரும்பு கெட்டியாகி, ஆறும்போது இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். சுமை வரதுக்கு முன்னாலேயே பாதி இழுபட்டுக் கிடக்கும். சுத்துற சாமானுக்கு அது எமன்.

தக்கலைக்காரி | வெள்ளி, இரவு 7:50

லேத்து அண்ணன் சொன்னதற்கு ஒரு சாட்சி தருகிறேன். 1980 மார்ச் 27, வட கடலில் அலெக்சாண்டர் கீலாண்ட் என்ற மிதக்கும் மேடை. எண்ணெய் எடுக்கும் தொழிலாளிகள் தங்கும் இடமாக இருந்தது, 212 பேர் இருந்தார்கள். மேடையின் கால்களைப் பிணைத்த குறுக்குக் குழாய் ஒன்றில், தண்ணீருக்கடியில் ஒலி கேட்கும் கருவியைப் பிடித்து வைக்க ஒரு சின்னத் தாங்கி வெல்டு செய்திருந்தார்கள். சுமையே தாங்காத ஒரு சாமானுக்கு 6 மி.மீ. வெல்டு. அந்த வெல்டின் ஓரத்தில் விரிசல் இருந்தது. விசாரணையில் விரிசலுக்குள் பெயின்ட் இருந்ததைக் கண்டார்கள், அதாவது கட்டிய காலத்திலேயே அது இருந்திருக்கிறது. ஒவ்வொரு அலையும் அதைக் கொஞ்சம் திறந்தது. அன்று மாலை புயலில் அந்தக் குழாய் முறிந்தது, மற்றக் குழாய்கள் சுமை தாங்காமல் தொடர்ந்து முறிந்தன, ஒரு கால் கழன்று மேடை கவிழ்ந்தது. 123 பேர் இறந்தார்கள்.

பெரிய வெல்டுகளை எல்லாரும் கவனிப்பார்கள். கொக்கி மாட்ட, ஒயர் கட்ட, நேம் பிளேட் வைக்க என்று போகிறபோக்கில் வைக்கிற பொட்டு வெல்டு யார் கண்ணிலும் படாது. போட்டிலும் வண்டியிலும் நான் முதலில் தேடுவது அதைத்தான்.

நாரோயில் வாத்தியார் | வெள்ளி, இரவு 9:00

கடல்காற்றுக்கும் ஒரு சாட்சி உண்டு. 1988 ஏப்ரல் 28, ஹவாய் தீவுகளுக்கு இடையே குறுகிய தூரம் பறக்கும் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737. அது அதுவரை 89,680 தடவை பறந்திருந்தது. ஒவ்வொரு பறப்பிலும் உள்காற்று அழுத்தத்தால் உடம்பு ஒரு தடவை விரிந்து சுருங்கும். தீவின் ஈரமும் உப்பும் தகடுகளை ஒட்டிய இடத்தை அரித்து, சுமை முழுக்க ரிவெட் ஓட்டைகளுக்கு மாறி, வரிசையாக விரிசல்கள் பிறந்தன. நடுவானில் முன்பகுதிக் கூரை பிய்ந்து போனது. ஒரு பணிப்பெண் காற்றோடு போய்விட்டார். அப்படியும் விமானத்தை இறக்கினார்கள்.

ஏறும்போது ஒரு பயணி கதவுக்குப் பக்கத்தில் விரிசலைப் பார்த்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு இந்த விபத்தில் மறக்க முடியாதது அதுதான். போட்டில் வேலை பார்க்கும் சின்னப் பையன் ஒரு கோடு தெரிகிறது என்று சொன்னால், "போடா, அது பெயின்ட்" என்று விரட்டாதீர்கள்.

வள்ளவிளை மகன் | சனி, காலை 10:20

எல்லாரும் எழுதினதை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். சித்தப்பா போட் ஒண்ணு உண்டு, அதே லேத்து, அதே அளவு, அதே அலாய் ராடு. எங்க ஷாப்ட் போட்ட மாசத்தில்தான் அவங்களும் மாத்தினாங்க. அது இப்போ கொச்சியில் கிடக்கு, வாற வாரம் தங்கலுக்குக் கிளம்புது. ஜூன் 1 தடைக்காலம் தொடங்கினதும் கரையேத்திப் பாத்தாப் போதும்ங்கிறார் சித்தப்பா. அது வரைக்கும் தாங்குமா?

தக்கலைக்காரி | சனி, காலை 10:45

தம்பி, தாங்குமா என்று யாராலும் இங்கிருந்து சொல்ல முடியாது. ஒரே அளவு, ஒரே மூலை, ஒரே ராடு, ஒரே மாதிரி ஓட்டம் என்றால், அதிலும் விரிசல் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டுதான் நான் தொடங்குவேன். ஆளை ஏற்றி அனுப்பாதீர்கள். கரையேற்றி, புரொப்பல்லரைக் கழற்றி, டேப்பரைப் பாருங்கள். ஒரு நாள் வேலை.

டேப்பரைக் கழுவி கிரீஸ் போகத் துடைக்கவும். கிரைண்டரோ முரட்டு எமரியோ வேண்டாம், அது விரிசல் வாயை இழுத்து மூடிவிடும். சிவப்புச் சாயம் அடித்து, டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் ஊற விட்டு, துணியால் துடைத்து, வெள்ளைப் பொடி அடியுங்கள். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடு மெல்லக் கசிந்து வரும். சாயம் கிடைக்காவிட்டால் மண்ணெண்ணெயும் சாக்பொடியும் வைத்து அதே மாதிரிப் பார்க்கலாம், பெரிய விரிசல் தெரியும். ஆனால் அதில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக நல்ல ஷாப்ட் என்று நம்பிவிடக் கூடாது. கீவேயின் இரண்டு அடிமூலையும் அது முடியும் முனையும் டார்ச் வைத்துப் பாருங்கள்.

வள்ளவிளை மகன் | செவ்வாய், மாலை 6:30

இன்னைக்குக் கொச்சியில் கழட்டியாச்சு. கீவே முனையில் இடது மூலையிலிருந்து ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்புக் கோடு வந்துது. துடைச்சு மறுபடி அடிச்சோம், அதே இடத்தில் அதே கோடு. சித்தப்பா ஒண்ணும் பேசல்ல, பிறகு "யாரும் போகண்டாம்"னு மட்டும் சொன்னார்.

கோடு மட்டும்தானே, ராவி எடுத்துட்டு ஓட்டலாமான்னு எஞ்சின் சேட்டன் கேக்குறார்.

தக்கலைக்காரி | செவ்வாய், மாலை 6:50

வேண்டாம். வெளியே ஒரு விரல் அகலம் என்றால் உள்ளே எவ்வளவு ஆழம் என்று சாயம் சொல்லாது. டேப்பரில் ராவினால் பிடிப்பும் போய்விடும். அந்த ஷாப்ட் முடிந்தது. வேறு ஷாப்ட் போட்டுக் கிளம்பச் சொல்லுங்கள், சித்தப்பாவுக்கு என் வணக்கம்.

மார்த்தாண்டம் லேத்து | செவ்வாய், இரவு 8:05

ரெண்டு போட்டுக்கும் நான் கடைஞ்சு தாறேன். ராடு ஈஎன் 8 போதும், சோதனைச் சான்று உள்ள கடையில் வாங்குங்க. முறிஞ்ச துண்டு, விரிசல் விட்ட ஷாப்ட், உங்களுக்கு வாங்கின புதுப் புரொப்பல்லர், சித்தப்பா புரொப்பல்லர், ரெண்டு கீ, ரெண்டு நட்டு எல்லாம் கொண்டு வாங்க. ஹப்பு கையில் இல்லாம புளூ பாக்க முடியாது, புளூ பாக்காம நான் ஷாப்ட் வெளியே விடமாட்டேன். ராத்திரிக்குள்ள கேக்காதீங்க, மூணு நாள் வேணும்.